அப்பாவின் பி டிரைவைச் சரிசெய்து கொடுத்த கடை

அவசர வேலை எதையும் இந்தக் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். என் டிரைவ் கைக்குத் திரும்பி வர ஏழு வாரம் ஆனது. இடையில் சித்திரைத் திருவிழா வேறு. தேருக்கு முந்தின நாள் பூட்டிய கடையை, அழகர் மலைக்குத் திரும்பிய பிறகுதான் திறந்தார். ஆனாலும் பழைய பிளாப்பி டிரைவ் (கணினியில் மெல்லிய காந்த டிஸ்க்கைப் படித்து எழுதும் பெட்டி) வைத்திருப்பவர்கள், அதைவிட முக்கியமாக அதில் எழுதிய டிஸ்க்குகளை வைத்திருப்பவர்கள், மதுரையில் வேறு எங்கும் போக வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

மேலமாசி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பாத்திரக் கடைக்கு மேலே மாடியில் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. தனி ஆளாக மாதத்துக்கு நாலைந்து வேலைதான் எடுக்கிறார். அதனால் பெயரையும் போன் நம்பரையும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். வீதியில் இருக்கிற எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் "பழைய பிளாப்பி பார்க்கிற அண்ணன்" என்று கேளுங்கள், கையைக் காட்டிவிடுவார்கள். படி செங்குத்து. கனமான சாமான் கொண்டுபோனால் துணைக்கு ஒரு ஆள் வேண்டும்.

நான் கொண்டுபோனது அப்பாவின் பி டிரைவ். அப்பா சுங்குடிச் சேலை மொத்த வியாபாரி. 1986இல் ஒரு கணினி வாங்கினார், ஐபிஎம் எக்ஸ்டியைப் பார்த்துச் செய்தது. ஹார்ட் டிஸ்க் கிடையாது, இரண்டு ஐந்தேகால் அங்குல டிரைவ். ஏ டிரைவில் கணினியை ஓட்டும் டாஸும் கணக்கு எழுதும் மென்பொருளான டிபேஸ் த்ரீ பிளஸும், பி டிரைவில் கணக்கு. இரண்டுமே முழு உயர டிரைவ்கள், டாண்டன் டிஎம்-100-2. ஐபிஎம் முதல் பிசியில் போட்ட அதே வரிசை. இந்தியாவில் பிறந்த ஜுகி டாண்டன் அமெரிக்காவில் நடத்திய கம்பெனியின் சரக்கு இது என்பதைக்கூட அந்த மாடியில்தான் தெரிந்துகொண்டேன். "நம்மாளு செஞ்ச டிரைவும்மா" என்று தட்டிக் கொடுத்தபடி சொன்னார்.

ஒரு டிஸ்க்குக்கு 360 கேபி. பக்கத்துக்கு 40 டிராக் (வட்டமான தடம்), டிராக்குக்கு 9 செக்டர் (தடத்தின் துண்டு), செக்டருக்கு 512 பைட், இரண்டு பக்கம். பெருக்கிப் பார்த்தால் 3,68,640 பைட். இன்று செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோ அதில் அடங்காது. அப்பா அதற்குள் என்ன வைத்திருந்தார் என்றால், எந்த டிசைன், சேலைக்கு எத்தனை முடிச்சு, யார் கட்டினார், என்றைக்குக் கொடுத்தது, என்றைக்கு வந்தது, கூலி எவ்வளவு. சுங்குடியில் முடிச்சுதான் எல்லாம். துணியைப் புள்ளி புள்ளியாகக் கிள்ளி நூலால் கட்டி, சாயத்தில் முக்கி, அவிழ்த்தால் கட்டின இடம் வெள்ளையாக நிற்கும். மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2005இல். அப்பாவின் டிஸ்க்குகள் அதற்கெல்லாம் வெகு முன்னால் எழுதியவை. அப்பா தவறி பதினொரு வருடம் ஆகிறது. பீரோவின் அடித்தட்டில் 14 டிஸ்க்குகள் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் இருந்தன.

இந்தக் கடைக்கு முன்னால் நகரில் ஒரு பெரிய சர்வீஸ் சென்டருக்குப் போனேன். டிரைவைப் பார்த்ததுமே "இதைப் போட்டுட்டு யுஎஸ்பி பிளாப்பி டிரைவ் ஒண்ணு வாங்கிக்குங்க மேடம்" என்றார்கள். வாங்கவும் வாங்கினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் அது மூன்றரை அங்குல டிஸ்க்குக்கு. ஐந்தேகால் அங்குல டிஸ்க் அதன் வாய்க்குள்ளேயே நுழையாது. கையில் டிஸ்க்கைக் காட்டித்தானே கேட்டேன்? அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

மாடி அண்ணன் டிரைவை வாங்கியதும் கரண்டில் போடவே இல்லை. எனக்கு அதுதான் முதலில் பிடித்தது. "வீட்ல போட்டுப் பாத்தீங்களாம்மா?" என்று கேட்டார். போட்டேன், மோட்டார் உறுமியது, "அபார்ட், ரீட்ரை, இக்னோர்" என்று வந்தது என்றேன். "இனிமே போடாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு மீட்டரை எடுத்தார். மஞ்சள் வயர் வருகிற 12 வோல்ட் பாதையில், மழைத்துளி போல இருக்கும் டான்டலம் கெப்பாசிட்டர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். இந்த வயசில் அவை ஷார்ட் ஆகிவிடுமாம். பலமான சப்ளையில் கொடுத்தால் நெருப்போடு வெடிக்கும். ஒன்று அப்படித்தான் போகத் தயாராக இருந்தது. சந்தேகத்துக்கு இருந்த மூன்றையும் எடுத்துவிட்டுப் புதிது போட்டார். அப்புறம்தான் கரண்ட், அதுவும் ஆம்பியரைக் கட்டுப்படுத்தி வைத்த சப்ளையில்.

அடுத்தது பெல்ட். பிற்காலத்து டிரைவ்களில் மோட்டார் நேராகவே டிஸ்க்கைச் சுற்றும். இதில் ஓரமாக ஒரு மோட்டார், அடியில் பெரிய சக்கரம், நடுவில் தட்டையான பெல்ட். அது தொளதொளவென்று ஆகியிருந்தது. புதிது எங்கும் விற்பதில்லை. முதலில் டேப் ரிக்கார்டர் பெல்ட் ஒன்றைப் போட்டுப் பார்த்தார். ஓடியது, ஆனால் ரப்பர் இழுபட்டு வேகம் ஏறி இறங்கியது. "பாட்டுக்குச் சரி, இதுக்கு ஆகாது" என்று கழற்றிவிட்டார். மூன்று வாரம் போனது இந்த பெல்ட்டுக்குத்தான். ஊரில் தெரிந்த காயலான் கடைக்கெல்லாம் சொல்லி வைத்து, சென்னை ரிச்சி தெருவுக்கும் ஆள் விட்டு, கடைசியில் மோட்டார் எரிந்துபோன இன்னொரு டாண்டன் டிரைவ் ஒரு பழைய இரும்பு வியாபாரியிடம் அகப்பட்டது. அதன் பெல்ட் நல்ல நிலையில் இருந்தது.

பெல்ட் மாட்டிய பிறகு வேகம் பார்த்த விதத்தை நான் மறக்க மாட்டேன். அந்தச் சக்கரத்தில் இரண்டு வளையமாகக் கோடுகள் அச்சடித்திருக்கும். ஒன்று 60 சைக்கிள் கரண்ட் உள்ள நாட்டுக்கு, இன்னொன்று நம் 50 சைக்கிளுக்கு. டிரைவ் நிமிடத்துக்கு 300 சுற்று, அதாவது நொடிக்கு 5. சோக் வைத்த பழைய டியூப்லைட் நொடிக்கு 100 தடவை மின்னும், நம் கண்ணுக்குத் தெரியாது. ஒரு சுற்றுக்கு 20 மின்னல் சரியாக விழுந்தால், ஓடுகிற சக்கரத்தில் கோடுகள் அப்படியே நின்றுவிடும். கடை முழுக்க எல்இடி பல்புதான், அதில் இந்த வித்தை நடக்காது. இதற்காகவே சோக்கோடு ஒரு டியூப்லைட்டை மேசைக்கு மேலே கட்டி வைத்திருக்கிறார். மற்ற விளக்கை அணைத்துவிட்டு, சின்ன ஸ்க்ரூடிரைவரால் போர்டில் இருந்த திருகைத் துளித் துளியாகத் திருப்பினார். முன்னே நகர்ந்த கோடுகள் மெதுவாகி, தயங்கி, நின்றன. "வாங்கம்மா, பாருங்க" என்று கூப்பிட்டுக் காட்டினார்.

சரி, இனி நான் சொல்ல வந்த விஷயம்.

வேகம் சரி, டிஸ்க்கைப் படித்து எழுதும் ஹெட்டைக் கழுவியாகிவிட்டது, அது நகரும் தண்டவாளத்தில் கட்டிப்போன கிரீஸை எடுத்துப் புதிது வைத்தாகிவிட்டது. கம்பெனியில் பதிவு செய்து வந்த பழைய டிஸ்க் ஒன்றைப் போட்டார். பிழை மேல் பிழை. அப்பாவின் டிஸ்க்குகளில் நன்றாகத் தெரிந்த ஒன்றைப் போட்டார். தடங்கல் இல்லாமல் ஓடியது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. நல்ல டிஸ்க் ஓடவில்லை, முப்பது வருடத்துக்கு மேல் பீரோவில் கிடந்த டிஸ்க் ஓடுகிறதே?

டிரைவின் ஹெட் தன் இடத்திலிருந்து கொஞ்சம் விலகியிருக்கிறது என்றார். இந்த டிஸ்க்கில் ஒரு டிராக்குக்கும் அடுத்த டிராக்குக்கும் அரை மில்லிமீட்டர்தான் இடைவெளி. எழுதிய தடத்தின் அகலம் அதிலும் குறைவு, சுமார் 0.33 மில்லிமீட்டர். அதில் ஒரு இம்மி விலகினாலும் அடுத்தவர் எழுதியது சரியாகப் படிக்காது. ஆனால் அப்பா எழுதியதெல்லாம் விலகிய இதே ஹெட்டால். இதற்கு அந்தத் தடம் நேராகத்தான் தெரியும்.

"இப்ப இதை நேராக்கினா அப்பா எழுதினது கோணலாயிரும்மா" என்றார். "மொதல்ல இருக்கிறதைப் படிச்சு எடுத்திருவோம். அலைன்மென்ட் அப்புறம்."

ரிப்பேருக்கு வந்த பொருளைச் சரியாக்கித் தருவதுதான் மெக்கானிக்கின் வேலை என்று நினைத்திருந்தேன். இவர் பழுதை ஒரு வாரம் அப்படியே விட்டு வைத்தார். அவசரப்பட்ட ஒருவர் கையில் கொடுத்திருந்தால் டிரைவ் பளிச்சென்று வந்திருக்கும், டிஸ்க்குகளில் பாதி வாய் திறந்திருக்காது. இன்னொன்றும் சொன்னார். 1.2 எம்பி டிரைவிலும் இந்த டிஸ்க்கைப் படிக்கலாம், ஆனால் மறந்தும் அதில் எழுதக்கூடாது. அதன் ஹெட் பாதி அகலம், பழைய தடத்தின் நடுவில் ஒல்லியாக எழுதி வைக்கும், ஓரத்தில் பழசு மிச்சம் நிற்கும். பிறகு 360 கேபி டிரைவில் போட்டால் இரண்டையும் சேர்த்துப் படித்துக் குழம்பும்.

படிப்பதற்கு அவர் வைத்திருப்பது கிரீஸ்வீசல் என்ற சின்ன போர்டு. கெய்ர் ஃப்ரேசர் என்பவர் வடிவமைத்து, யாரும் செய்துகொள்ளலாம் என்று திறந்து விட்டது. ஒரு பக்கம் டிரைவின் 34 பின் கேபிள், மறுபக்கம் லேப்டாப்பின் யுஎஸ்பி. செக்டர் கணக்கை எல்லாம் பார்க்காமல், டிஸ்க்கில் காந்தம் மாறும் நேரத்தை அப்படியே எழுதிக்கொள்ளும். ஒரே டிராக்கைப் பல சுற்று படிக்கலாம், ஒரு சுற்றில் விட்டுப்போனது இன்னொன்றில் அகப்படும்.

டிஸ்க்குகளில் ஆறு பூஞ்சை பிடித்தவை. வெள்ளை வெள்ளையாக, சாம்பல் தூவியது போல. அப்படியே ஓட்டினால் ஹெட்டில் அப்பி, டிஸ்க்கையும் கீறிவிடும். உறையின் ஒரு ஓரத்தைப் பிளேடால் வெட்டி, உள்ளே இருக்கும் மெல்லிய வட்டத்தை வெளியே எடுத்து, பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்ட் வாட்டரில் சோப்புத் துளி விட்டு, விரல் நுனியால் கழுவினார். மின்விசிறி போடாமல் நிழலில் உலர்த்தினார், தூசி விழக்கூடாதாம். பிறகு புது டிஸ்க் ஒன்றின் உறைக்குள் சொருகிப் படித்தார். அதற்காக அறுத்த புது டிஸ்க்கை ஒவ்வொரு முறையும் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அறுத்தார்.

எல்லாம் எடுத்து முடித்து, இரண்டு இடத்தில் காப்பி வைத்த பிறகுதான் அலைன்மென்ட். அதற்கென்று அவரிடம் ஒரு விசேஷ டிஸ்க் இருக்கிறது, சாதாரண டிரைவில் காப்பி எடுக்க முடியாதது. ஹெட்டைக் கழுவாமல் அதைப் போட மாட்டார். 16ஆவது டிராக்கில் நிறுத்தி, மின் அலையைத் திரையில் காட்டும் ஆசிலாஸ்கோப்பில் பார்த்தால், பூனையின் இரண்டு கண் போல அலை தெரியும். ஒரு கண் பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இருந்தது. திருகைத் தளர்த்தி நகர்த்தி, இரண்டும் ஒரே அளவுக்கு வந்ததும் முறுக்கினார்.

14இல் 11 டிஸ்க் முழுசாக வந்துவிட்டன. இரண்டில் சில செக்டர்கள் போயின. டிபேஸ் பைல்களை லிப்ரே ஆபீஸ் அப்படியே திறக்கிறது. டிபேஸில் ஒரு கட்டத்தின் பெயர் 10 எழுத்துக்கு மேல் போகாது, அதனால் அப்பா முடிச்சையும் கூலியையும் ஆங்கில எழுத்தில் குறுக்கிக் குறுக்கி வைத்திருந்தார். ஆள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பல வரிகளில் "சின்னாளபட்டி அக்கா", "கைத்தறி நகர் பெரியம்மா". கடைசிக் கட்டத்துக்கு "குறிப்பு" என்று பெயர். ஒரு வரியில், கட்டியவருக்குக் கண் ஆபரேஷன், கூலி முன்பணம், திருப்பிக் கேட்க வேண்டாம் என்று இருந்தது. அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அவருக்கே அது தெரியாது.

மொத்தம் 4,200 ரூபாய். அதில் 1,500 அந்த இரும்புக் கடை டிரைவுக்கு. வேலைக்கு இது குறைவு என்பது என் அபிப்பிராயம். குறைகளும் உண்டு. ரசீது கிடையாது, பணமாகத்தான் வாங்குகிறார். வேலை எந்த மட்டில் இருக்கிறது என்று அவராகக் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார், நாம்தான் போய் நிற்க வேண்டும். முன்பக்கக் கதவு உடைந்திருந்ததற்கு மற்ற டிரைவின் கதவைப் போட்டிருக்கிறார், நிறம் சேரவில்லை. மே மாதத்தில் அந்த மாடியில் அரை மணி நேரம் உட்காருவதே சிரமம். ஹார்ட் டிஸ்க்கைத் தொடவே மாட்டார், கேட்டால் முகத்துக்கு நேராக இல்லை என்று சொல்லிவிடுவார்.

போகிறவர்கள் டிரைவை மட்டும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அதில் எழுதிய டிஸ்க்குகளையும் கூடவே கொண்டுபோங்கள், எந்த டிஸ்க் எந்த டிரைவில் எழுதியது என்று தெரிந்தால் அதையும் சொல்லுங்கள். சாயங்காலம் நாலு மணிக்கு மேல்தான் இருப்பார்.

14ஆவது டிஸ்க் இன்னும் அவரிடம்தான் இருக்கிறது. மேலே அப்பா கையெழுத்தில் "1989 தீபாவளி" என்று எழுதியிருக்கும். மூன்று முறை கழுவியும் படிக்கவில்லை. அதற்குக் காசு வேண்டாம் என்றார், திருப்பித் தரவும் மனசில்லை. "இன்னொரு ஹெட் வெச்சுப் பாக்கணும்மா, ஆவணிக்குள்ள சொல்றேன்" என்றார். ஆவணி முதல் வாரம் போய்ப் பார்க்கப் போகிறேன்.