11.75 அங்குல பேஸ்பால் கிளவுஸ்: தோல் தேறுகிறது, வார் தேறவில்லை

ஜலந்தரில் தைத்து ஆன்லைனில் விற்கும் கிளவுஸ் இது. மாட்டுத்தோல், 11.75 அங்குலம், விலை 2,000 ரூபாய்க்குச் சற்று மேல். சேலத்துக் கடைகளில் பேஸ்பால் கிளவுஸ் கேட்டால் பெரும்பாலும் விக்கெட் கீப்பிங் கிளவுஸைத்தான் எடுத்துப் போடுகிறார்கள். ஆகவே கையில் மாட்டிப் பார்க்காமலேயே ஆர்டர் போட வேண்டியிருக்கிறது. முதல் தப்பு அங்கேதான் நடக்கிறது. கீப்பருக்கு இரண்டு கையிலும் உறை. பேஸ்பாலில் எறியாத கைக்கு மட்டும். ‘ரைட் ஹேண்ட் த்ரோ’ என்று போட்டிருந்தால் அது இடது கையில் மாட்டுவது. ‘ரைட்’ என்ற சொல்லை மட்டும் பார்த்து வாங்கியவர்கள் திருப்பி அனுப்ப அலைகிறார்கள்.

அளவையும் உள்ளங்கையை வைத்துப் பார்க்கக் கூடாது. ஆள்காட்டி விரல் நுனியில் தொடங்கி, பந்து விழும் குழி வழியாக அடிவரை டேப் பிடித்தால் வருவதுதான் அளவு. விதிப்படி 13 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. பேஸ்களுக்கு (அடித்தவர் ஓடித் தொட வேண்டிய மூலைகளுக்கு) நடுவே நிற்பவர்களுக்கு 11.25 முதல் 11.75 வரை, அவுட்ஃபீல்டுக்கு 12.5க்கு மேல். சின்ன கிளவுஸில் குழி ஆழம் குறைவு, பந்தைச் சட்டென எடுத்து எறியலாம் என்பதுதான் காரணம். மூன்றாவது பேஸில் நிற்பவருக்கும், அடிப்பவருக்குப் பந்து எறியும் பிட்ச்சருக்கும் இந்த 11.75 கச்சிதம். கல்லூரியில் சாஃப்ட்பால் ஆடுகிறவர்கள் இதை வாங்க வேண்டாம். பேஸ்பாலின் சுற்றளவு 9 முதல் 9.25 அங்குலம், சாஃப்ட்பாலுடையது 12. அந்தப் பந்து இந்தக் குழியில் உட்காராது, துள்ளி வெளியே வந்துவிடும்.

தோல் நிஜமாகவே நன்றாக இருக்கிறது. உள்ளங்கைப் பக்கம் மட்டும் தோல், முதுகுப் பக்கம் ரெக்சின் என்ற ஏமாற்று இதில் இல்லை. வெட்டிய விளிம்பைப் பார்த்தாலே தெரியும்: தோல் என்றால் நார் நாராக இருக்கும், ரெக்சினில் துணி எட்டிப் பார்க்கும். பந்து குழியில் சரியாக விழும்போது ‘டப்’ என்று கனமான ஒரு சத்தம் வருகிறது. அந்தச் சத்தத்துக்காகவே இந்த விலையைக் கொடுக்கலாம்.

குறை வாரில்தான். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் இணைக்கும் வலையின் மேல் நுனியில் ஓடும் வார் ஒல்லி, போதாததற்குக் காய்ந்து கிடக்கிறது. பந்தின் முழு இழுப்பும் அந்த ஒரு இடத்தில் விழுவதால் ஒரு மாதத்திலேயே அறுகிறது. 3/16 அங்குல அகலமும் 72 அங்குல நீளமும் உள்ள தோல் வார் ஒன்றை கிளவுஸோடு சேர்த்தே வாங்கி வைத்துவிடுங்கள். மாற்றும்போது பழையதை மொத்தமாக உருவ வேண்டாம், வழி மறந்துபோகும். முதலில் போட்டோ எடுத்துக்கொண்டு, ஒரு துளையில் பழையதை எடுத்ததும் அதே துளையில் புதியதைக் கோத்துக்கொண்டே போக வேண்டும். செருப்புத் தைப்பவரிடம் கொடுத்தாலும் நைலான் கயிறு மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது அறுகாது, தோலின் துளையைத்தான் அறுத்துவிடும்.

புது கிளவுஸ் பலகை மாதிரி விறைப்பாகத்தான் இருக்கும். அதைப் பழக்குவதற்கு, விடியற்காலையில் அமெரிக்க பேஸ்பால் மேட்ச் பார்க்கும் நேரத்தை விடத் தோதான நேரம் இல்லை. கோடையில் நியூயார்க்கில் இரவு 7.05க்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு விடிகாலை 4.35. ஒரு ஆட்டம் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் ஓடும். இன்னிங்ஸ் ஓடும்போது கையில் மாட்டி, கட்டைவிரலும் சுண்டுவிரலும் தொடும்படி மூடி மூடித் திறக்க வேண்டும். பக்கம் மாறும் இடைவெளியில் மரச் சுத்தியால் குழியில் தட்ட வேண்டும். முடிந்ததும் பந்தைக் குழியில் வைத்துத் துணியால் கட்டிவிட வேண்டும். பத்துப் பன்னிரண்டு ஆட்டத்தில் கை சொன்னபடி கேட்கும். கிரிக்கெட் பந்தை வைத்துப் பழக்காதீர்கள். பேஸ்பால் 142 முதல் 149 கிராம். கிரிக்கெட் பந்து 156 முதல் 163 கிராம், இன்னும் கெட்டியும்கூட.

ஆடாத ரசிகருக்கு இது எதற்கு என்று கேட்பவர்களுக்கு: அமெரிக்காவில் மைதானத்துக்குப் போகும் ரசிகர்களில் பலர் கிளவுஸோடுதான் போகிறார்கள். கேலரிக்கு வரும் பந்தைப் பிடித்தவரே வைத்துக்கொள்ளலாம். 1921இல் நியூயார்க் போலோ கிரவுண்ட்ஸில் ரூபன் பெர்மன் என்ற ரசிகர் பிடித்த பந்தைத் திருப்பித் தர மறுத்தார். வெளியேற்றினார்கள். வழக்குப் போட்டு 100 டாலர் வாங்கினார். நம் கிரிக்கெட்டில் பந்தைத் திருப்பி எறிந்தே பழகிய நமக்கு இந்த உரிமையின் ருசி கிளவுஸ் கைக்கு வந்த பிறகுதான் புரியும்.

பராமரிப்பில் நம் ஊர்க்காரர்கள் செய்யும் பெரிய தவறு தேங்காய் எண்ணெய். அது உள்ளே இருக்கும் பஞ்சுவரை இறங்கி, கிளவுஸைக் கனமாக்கித் தொளதொளவென்று ஆக்கிவிடும். சேலத்து வெயிலுக்குச் சிக்கு நாற்றமும் சேர்ந்துகொள்ளும். தோலுக்கென்று விற்கும் க்ரீம், பட்டாணி அளவு, துணியில் தொட்டுப் பூசினால் போதும். பைக் டிக்கிக்குள் போட்டு ஏப்ரல் வெயிலில் நிறுத்தினால் முதலில் காய்ந்து வெடிப்பது வார்தான். ஏற்காட்டுக்குக் கொண்டுபோனால் சிக்கல் நேர்மாறு: மழைக்காலத்தில் அலமாரிக்குள் பூட்டி வைத்தால் சீக்கிரமே வெள்ளையாகப் பூஞ்சணம் பூத்துவிடும். காய்ந்த துணியால் வீட்டுக்கு வெளியே வைத்துத் துடைத்து, நிழலில் காற்றாட விடுங்கள். பிறகு விரல்களுக்குள் செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, குழியில் பந்தை வைத்து, வாய் மேலே பார்க்கும்படி நிறுத்தி வையுங்கள். தட்டையாக அமுங்கிய குழியை மறுபடி தூக்க இன்னொரு பத்து ஆட்டம் ஆகும்.