தண்ணீர்மலைத் தேர்ப்பாதைத் துப்புரவுக் குழு: என் மதிப்பீடு

தைப்பூசத்திற்கு முதல் நாள் விடியற்காலையில் பினாங்கு வீதிக் கோவில் வீட்டிலிருந்து புறப்படும் வெள்ளி இரதம் தண்ணீர்மலை நோக்கி ஊர்ந்து செல்லும் வழியில் எத்தனை ஆயிரம் தேங்காய்கள் சிதறுகின்றன என்பதை பினாங்குத் தமிழருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரதம் கடந்ததும் இயந்திரங்கள் நடுச்சாலையை வாரிச் சென்றுவிடுகின்றன. ஆனால் சாலையோரக் கால்வாய்களுக்குள்ளும் கடைகளின் ஐந்தடி நடைபாதைகளிலும் தெறித்து விழும் சில்லுகளுக்குக் கைகள்தாம் வேண்டும். அப்பணியைச் செய்யும் தன்னார்வலர் குழு ஒன்றோடு இவ்வாண்டு டத்தோ கிராமாட் சாலையில் இரண்டு நாள் வேலை செய்தேன்.

முதல் நாள் நாற்பது பேர் வந்திருந்தோம். சாக்கைப் பிடிப்பவர் ஒருவர், பொறுக்கிப் போடுபவர் ஒருவர் என இருவர் இருவராகப் பிரித்து, பெரியவர் ஒவ்வொருவருடனும் ஓர் இளையவரைச் சேர்த்திருந்தார்கள். தேங்காய் மட்டைகளும் ஓடுகளும் ஒரு சாக்கில், தண்ணீர்ப் பந்தல் கோப்பைகளும் பொட்டலத் தாள்களும் வேறொரு சாக்கில். குப்பையை வீட்டிலேயே பிரிக்க வேண்டும் என்ற விதி 2016 முதல் நடப்பில் இருக்கும் மாநிலத்தில் இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி? குறை என்றால், கொடுத்த கையுறை மிக மெல்லியது. ஓட்டின் முனை என் உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. அடுத்த ஆண்டு தடித்த தோலுறை வாங்கியே ஆக வேண்டும். குடிநீரைச் சிறு பிளாஸ்டிக் புட்டிகளில் கொடுத்ததும் எனக்கு உறுத்தியது. பெரிய கலயத்தில் வைத்திருந்தால் அவரவர் பாத்திரத்தில் நிரப்பிக்கொண்டிருப்போம்.

ஆயினும் இக்குழுவை நான் மனதாரப் பரிந்துரைப்பது அதன் இரண்டாம் வருகைக்காகவே. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்தை எட்ட ஏழு முதல் பத்து நாள் ஆகும். கண்ணில் படாத ஓர் ஓட்டில் தேங்கும் மழைநீரே அதற்குப் போதும். எனவே ஐந்தாம் நாள் அவர்கள் அதே தெருக்களுக்குத் திரும்பி வந்து, கால்வாய் மூடிகளைத் தூக்கி, செடித் தொட்டிகளின் பின்புறத்தையும் பார்க்கிறார்கள். வேறு எந்தக் கோத்தோங் ரோயோங் கூட்டுத் துப்புரவுப் பணியிலும் இத்தகைய தொடர்ச்சியை நான் கண்டதில்லை. பெரும்பாலானவை படம் எடுத்ததோடு முடிந்துவிடுகின்றன.

வருத்தம் என்னவென்றால், நாற்பது பேரில் அன்று திரும்பி வந்தவர்கள் எட்டுப் பேர் மட்டுமே. பதிவு செய்யும்போதே இரண்டு நாளுக்கும் சேர்த்து ஒப்புதல் கேட்டால் இந்த எண்ணிக்கை உயரக்கூடும் என்று ஏற்பாட்டாளரிடம் கூறினேன். கட்டணம் எதுவும் இல்லை. காலை நாசி லெமாக் அவர்களே தருகிறார்கள். வழுக்காத காலணி அணிந்து செல்லுங்கள், தேங்காய்த் தண்ணீர் காயாத சாலை ஆபத்தானது.

அந்த ஐந்தாம் நாள், மூடிய கடையொன்றின் படிக்கட்டின் கீழ் நானும் என் இணையரான கல்லூரி மாணவியும் கண்டெடுத்த ஓட்டில் கொசுப் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. அவள் அந்த நீரைக் கால்வாயில் ஊற்றாமல், முதல் நாள் சொல்லிக் கொடுத்தபடியே, வெயில் காயும் தார்ச்சாலையில் கவிழ்த்தாள்.