ஊசியோடு தலையில் கட்டும் பவுடர் டப்பா: குன்னூர்ப் பக்கம் உஷார்

குன்னூர்ப் பக்கம் ஓரிடத்தில் 'வெயிட் லாஸ் பேக்கேஜ்' என்று பசியைக் குறைக்கும் செமாக்ளூடைடு ஊசியோடு ஒரு பவுடர் டப்பாவையும் சேர்த்தே விற்கிறார்கள். "ஊசி போட்டா தசை கரையும், இது காப்பாத்தும்." முதல் பாதி பொய்யில்லை. இந்த வகை ஊசிகளில் குறையும் எடையில் சுமார் 25 முதல் 40 சதவீதம் கொழுப்பல்லாத திசு (தசையும் அதில் அடக்கம்) என்றுதான் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பித்தலாட்டம் இரண்டாம் பாதியில்.

டப்பாவைத் திருப்புங்கள். முன்னால் கொட்டை எழுத்தில் 'ஹை புரோட்டீன்'. பின்னால் பொடி எழுத்தில் முதல் பெயரே மால்டோடெக்ஸ்ட்ரின். எது அதிகமோ அதைத்தான் முதலில் போட வேண்டும் என்பது விதி. ஆக, காசு கொடுத்து வாங்குவது மாவுச்சத்து. 30 கிராம் ஸ்கூப்பில் புரதம் 4.5 கிராம். ஒரு கிலோ 2,400 ரூபாய் என்றால் கிராம் புரதம் 16 ரூபாய். ஏழு ரூபாய் முட்டையில் 6 கிராம் இருக்கிறது!

இதில் மாட்டிய 70 கிலோ பெண்மணிக்கு நாளுக்கு இரண்டு ஸ்கூப், அதாவது 9 கிராம். உடல் எடையில் கிலோவுக்கு 1.2 கிராம் புரதம் என்று பார்த்தாலே நாளுக்கு 84 கிராம் வேண்டும். அது போதாதென்று 0.25 மி.கி.யில் நான்கு வாரம், பிறகு 0.5 என்று ஏற்ற வேண்டிய ஊசியை மூன்றாம் வாரமே 1 மி.கி. ஆக்கிவிட்டார்கள். ஒரே குமட்டல், ரசம் சாதம் தவிர எதுவும் இறங்கவில்லை. மூன்று மாதத்தில் 9 கிலோ போனது. தராசைப் பார்த்து "சூப்பர் ரிசல்ட்" என்றார்கள். அவர் நாற்காலியில் இருந்து கையூன்றாமல் எழ முடியாததை யாரும் கேட்கவில்லை.

தசை பலம் தெரிய, நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு ஐந்து முறை உட்கார்ந்து எழுந்து பாருங்கள். 12 விநாடிக்கு மேல் ஆனால் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

அந்த 84 கிராமைச் சாப்பாட்டிலேயே எட்டலாம்: உலர்ந்த சோயா உருண்டை (மீல் மேக்கர்) 50 கிராமில் 26 கிராம் புரதம், அரை லிட்டர் பாலில் 16, இரண்டு முட்டையில் 12, பருப்பு 50 கிராமில் 11. மிச்சத்துக்குக் கோழியோ பனீரோ. வயிறு சீக்கிரம் நிரம்பிவிடும் என்பதால் தட்டில் முதலில் இவை, சோறு கடைசியில். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்காமல் புரதத்தை ஏற்றாதீர்கள்.

தசையைக் காக்க உடற்பயிற்சியும் வேண்டும் என்றால், "தினமும் மேடு ஏறுறோமே" என்பார்கள் நம் மலைக்காரர்கள். அதில் தோளுக்கும் முதுகுக்கும் வேலையில்லை. வாரம் இரண்டு மூன்று நாள் சுவர் தள்ளல், நாற்காலி எழல், அரிசிப் பை தூக்கல். கடைசி இரண்டு தடவை திணற வேண்டும். திணறல் நின்றால் பையில் அரைக் கிலோ கூட்டுங்கள்.

வாங்கித் தொலைத்தவர்கள் பில்லையும் லேபிளில் உள்ள 14 இலக்க உணவு உரிம எண்ணையும் படமெடுத்துக்கொண்டு 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள். பேக்கேஜுக்குப் பில் கிடையாது என்றால் அதையும் சேர்த்தே எழுதுங்கள்.