புது ஹெட்போனுக்கு ஆம்ப்: மூன்று பெட்டிகளும் ஒரு மல்டிமீட்டரும்

டவுன்ஹால் ரோட்டில் ஹோம் தியேட்டரைப் போட்டுக் கேட்டு வாங்கலாம். ஹெட்போன் ஆம்பை, அதாவது ஹெட்போனுக்கு வேண்டிய சக்தியைக் கூட்டித் தரும் பெட்டியை, அப்படி மாட்டிக் கேட்டு வாங்குகிற வசதி மதுரையில் அரிது, பெரும்பாலும் கூரியரில்தான் வந்து இறங்கும். காதால் கேட்காமல் வாங்குகிற பொருளைக் கணக்குப் போட்டுத்தான் வாங்க வேண்டும். நல்லவேளையாக இந்தக் கணக்கு பத்தாம் வகுப்பு இயற்பியலைத் தாண்டாது.

ஹெட்போன் பெட்டியின் பின்பக்கத்தில் இரண்டு எண்களைத் தேடுங்கள். ஒன்று ஓம், அதுதான் இம்பீடன்ஸ், கரண்ட்டுக்கு ஹெட்போன் காட்டும் தடை. இன்னொன்று டெசிபல், அதாவது சென்சிட்டிவிட்டி: இவ்வளவு கொடுத்தால் இவ்வளவு சத்தம் வரும் என்பது. நாதஸ்வரக் கச்சேரிப் பதிவு சராசரியாக 80 டெசிபலில் ஓடிக்கொண்டிருக்கும்போது தவிலின் ஒரு அடி 20 டெசிபலுக்கு மேல் எகிறலாம். அதனால் உச்சத்துக்கு 110 டெசிபல் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பான கணக்கு. இது ஒரு கணத்துக்கான அளவு. அந்தச் சத்தத்தில் உட்கார்ந்து கேட்கக் கூடாது. வாரத்துக்கு 40 மணி நேரம் என்றால் சராசரி 80 டெசிபலுக்குள் இருக்கட்டும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு.

இப்போது இரண்டு ஹெட்போன்களை எடுத்துக்கொள்வோம். முதலாவது 300 ஓம், மில்லிவாட்டுக்கு 97 டெசிபல். 110-ஐத் தொட 13 டெசிபல் கூடுதலாக வேண்டும், அது 20 மடங்கு பவர், அதாவது 20 மில்லிவாட். அதற்கு 2.45 வோல்ட், 8 மில்லிஆம்பியர். இரண்டாவது 25 ஓம், 91 டெசிபல். ஹைஃபைமேன் எச்இ400எஸ்இ போன்ற பிளானர் (தட்டையான சவ்வு கொண்ட) ரகம். இதற்கு 80 மில்லிவாட் வேண்டும்: 1.4 வோல்ட், 56 மில்லிஆம்பியர். முதலாவது வோல்ட்டைக் கேட்கிறது, இரண்டாவது கரண்ட்டைக் கேட்கிறது. 600 அடி போரிலிருந்து தண்ணீர் ஏற்றும் மோட்டாரும் கிணற்றிலிருந்து வயலுக்குப் பாய்ச்சும் மோட்டாரும் ஒரே குதிரைத்திறனாக இருந்தாலும் ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது. ஆம்ப் பெட்டியில் கொட்டை எழுத்தில் போடும் ‘32 ஓமில் இத்தனை வாட்’ 300 ஓம்காரருக்கு எதையும் சொல்வதில்லை.

டெசிபல் எண்ணில் ஒரு கண்ணி இருக்கிறது. சில கம்பெனிகள் மில்லிவாட்டுக்கு என்று சொல்கின்றன, சில வோல்ட்டுக்கு என்று. சில எதையுமே சொல்லாமல் வெறும் எண்ணைப் போட்டுவிடுகின்றன. மேலே சொன்ன 97 வோல்ட்டுக்கான எண்ணாக இருந்தால் தேவை 2.45 வோல்ட் அல்ல, 4.47 வோல்ட். 300 ஓமில் இரண்டு முறைகளுக்கும் இடையே 5 டெசிபல் வித்தியாசம், 32 ஓமில் 15 டெசிபல். வோல்ட் கணக்கா மில்லிவாட் கணக்கா என்று தெரியாவிட்டால் கூடுதல் தேவையை வைத்தே ஆம்பைப் பாருங்கள்.

இனி பெட்டிகள். முதலில் ஆப்பிளின் டைப்-சி டாங்கிள், போனில் செருகினால் ஹெட்போன் துளை தருவது. பார்ப்பதற்கு ஒரு துண்டு ஒயர், ஆனால் சுத்தமான வேலை. முழு அளவில் 1 வோல்ட், அவுட்புட் இம்பீடன்ஸ் (ஆம்பின் உள்ளேயே இருக்கும் தடை) 1 ஓமை ஒட்டி. (ஐரோப்பாவுக்கான மாடலில் பாதி வோல்ட்தான், அங்கிருந்து யாரும் வாங்கி வந்தால் கவனம்.) 32 ஓம், 38 ஓம் மூடிய ஹெட்போன், இயர்போன் என்றால் இதற்கு மேல் செலவு தேவையில்லை என்பது எங்கள் உறுதியான கருத்து. 300 ஓமில் இதே 1 வோல்ட் 3.3 மில்லிவாட்தான், 102 டெசிபலில் நின்றுவிடும். சத்தமாகப் பதிந்த சினிமா பாட்டுக்கு அது போதும், மெதுவாகப் பதிந்த பழைய கச்சேரிக்குப் போதாது. ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் டாங்கிளின் உள் வால்யூம் பாதியிலேயே நின்றுவிடுவதால் சத்தம் இன்னும் குறையும். யுஎஸ்பி ஆடியோ பிளேயர் ப்ரோ மாதிரி டாங்கிளோடு நேரடியாகப் பேசும் ஆப் போட்டால் சரியாகும், ஆனால் அந்த ஆப்பில் ஓடும் பாட்டுக்கு மட்டும். போலிகள் ஏராளம். விண்டோஸ் லேப்டாப்பில் செருகி சவுண்ட் செட்டிங்கில் ஃபார்மேட்டைப் பாருங்கள்: அசலில் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் இருக்கும். 16 பிட்டோடு நின்றால் சந்தேகப்படுங்கள்.

இரண்டாவது, மூன்டிராப் டான் ப்ரோ போல சிரஸ் லாஜிக்கின் சிஎஸ்43131 சில் இரண்டு வைத்த டாங்கிள். 3.5 எம்எம் துளையில் 2 வோல்ட், 4.4 எம்எம் பேலன்ஸ்டு (இரண்டு காதுக்கும் தனித்தனி மைனஸ் உள்ள) துளையில் 4 வோல்ட். 300 ஓமில் 4 வோல்ட் என்றால் 53 மில்லிவாட், 114 டெசிபல். விரல் நீளப் பொருளுக்கு இது பெரிய சாதனை, 250 ஓம், 300 ஓம்காரர்கள் லேப்டாப்போடு வேறு பெட்டி வைக்க வேண்டியதே இல்லை. ஆனால் பிளானரை மாட்டினால் கதை மாறும். அந்த 4 வோல்ட்டை 25 ஓமில் தர 160 மில்லிஆம்பியர் வேண்டும், இந்தச் சில்லுக்கு அது ஆகாது. ஒரு சில் 32 ஓமில் தருவது 30 மில்லிவாட் அளவுதான். முக்கால் வால்யூமுக்கு மேல் தவில் அடி மழுங்கி, தவிலின் தொப்பிப் பக்கத்து ‘தொம்’ ஒலி அட்டைப்பெட்டியைத் தட்டியது மாதிரி ஆனால் ஹெட்போனைத் திட்டாதீர்கள், கரண்ட் தீர்ந்துவிட்டது.

மூன்றாவது ஃபியோ கே7. ஆப்பிள் டாங்கிளைவிடப் பத்து மடங்குக்கு மேல் விலை. கால் இன்ச் துளையில் 32 ஓமுக்கு 1,220 மில்லிவாட், 300 ஓமுக்கு 130 மில்லிவாட். கணக்குப் போட்டால் இரண்டுமே 6.2 வோல்ட் சுற்றி வருகிறது. லோடு மாறினாலும் வோல்ட் சரியவில்லை, நல்ல ஆம்புக்கு இதுதான் லட்சணம். எந்த ஆம்பின் விவரப் பட்டியலிலும் இந்த இரண்டு வரியை எடுத்து இப்படிக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 300 ஓம் வரியையே போடாத கம்பெனியிடம் கொஞ்சம் எச்சரிக்கை தேவை. கே7-இன் வால்யூம் குமிழ் டிஜிட்டலாக வேலை செய்வதால் மிகக் குறைந்த சத்தத்திலும் இடது, வலது சமமாக இருக்கும். சாதாரண பொட்டென்ஷியோமீட்டர் வைத்த ஆம்புகளில் குமிழ் கீழ்க்கோடியில் இருக்கும்போது பாடகர் ஒரு காதுப் பக்கம் சாய்வார். அப்படியானால் கெயினை (ஆம்ப் எத்தனை மடங்கு பெருக்க வேண்டும் என்ற சுவிட்சை) லோவில் வைத்து, லேப்டாப்பின் வால்யூமைக் குறைத்து, குமிழை நடுப்பகுதிக்கு ஏற்றுங்கள். பிளானருக்கும் 300 ஓமுக்கும் ஒரே பெட்டி வேண்டும் என்பவர்களுக்கு கே7 சரியான தேர்வு. 38 ஓம் ஹெட்போனுக்காக இதை வாங்குவது காசைக் கொட்டுவது.

வீட்டில் பழைய ஸ்டீரியோ ரிசீவர் கிடக்கிறதா? அதில் கால் இன்ச் துளை இருக்கும், தாராளமான வோல்ட்டும் இருக்கும். ஆனால் பல ரிசீவர்களில் ஸ்பீக்கர் லைனிலிருந்தே ஒரு பெரிய ரெசிஸ்டர் வழியாக ஹெட்போனுக்கு எடுத்திருப்பார்கள், அவுட்புட் இம்பீடன்ஸ் 100 ஓமைத் தாண்டிவிடும். ஹெட்போன் ஓமில் எட்டில் ஒரு பங்குக்குள் அது இருக்க வேண்டும் என்பது பொது விதி. சென்ஹைசர் எச்டி 600-இன் இம்பீடன்ஸ் 100 ஹெர்ட்ஸ் பக்கம் 500 ஓமுக்கு மேல் ஏறுவதால், இப்படிப்பட்ட ரிசீவரில் பேஸ் ஒரு டெசிபல் போல உப்பும். சிலருக்கு அது பிடிக்கவும் செய்யும். பிளானரின் இம்பீடன்ஸ் சமதளமாக இருப்பதால் ஒலியின் குணம் மாறாது, சத்தம் மட்டும் குறையும்.

அவுட்புட் இம்பீடன்ஸை வீட்டிலேயே அளந்துவிடலாம். 60 ஹெர்ட்ஸ் சைன் டோனை ஓடவிட்டு, ஹெட்போன் மாட்டாமல் துளையில் மல்டிமீட்டரால் ஏசி வோல்ட்டை அளந்து, 0.500 வரும்படி வால்யூமை வையுங்கள். பிறகு அதே துளையில் 33 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைக் குறுக்கே போட்டு மறுபடி அளங்கள். 0.471 காட்டினால், 0.500-ஐ அதால் வகுத்து, ஒன்றைக் கழித்து, 33-ஆல் பெருக்குங்கள்: 2 ஓம். டோன் 60 ஹெர்ட்ஸாக இருக்கட்டும், விலை குறைந்த மீட்டர்கள் 400 ஹெர்ட்ஸைத் தாண்டினால் தப்பு சொல்லும். மஞ்சள் நிறச் சின்ன மீட்டரில் ஏசியின் மிகக் குறைந்த ரேஞ்சே 200 வோல்ட்டாக இருக்கும், அது இந்த வேலைக்கு உதவாது. 2 வோல்ட் ரேஞ்ச் உள்ளதையோ ஆட்டோ ரேஞ்சையோ வாங்குங்கள். இரண்டு ஆம்ப்களை ஒப்பிடும்போதும் இதே மீட்டரால் வோல்ட்டை ஒரு சதவீதத்துக்குள் சமப்படுத்திய பிறகே கேளுங்கள். கொஞ்சம் சத்தம் கூடுதலாக உள்ளதைத்தான் காது ‘நல்லது’ என்று சொல்லும்.

அடுத்து எர்த். புது ஆம்பில் ‘ம்ம்ம்’ என்று இரைச்சல் வந்தால் உடனே திருப்பி அனுப்பாதீர்கள். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்குங்கள். இரைச்சல் நின்றால் ஆம்ப் குற்றவாளி இல்லை. எர்த் இல்லாத சார்ஜரில் உள்ள சின்ன கப்பாசிட்டர்கள் லேப்டாப்பின் உடம்பையே ஏறக்குறைய பாதி மெயின்ஸ் வோல்ட்டில் மிதக்க விடும், லேப்டாப்பைத் தடவும்போது விரலில் ‘சுர்ர்’ என்பதும் அதுவேதான். மாசி வீதிப் பக்கத்துப் பழைய வீடுகளில் மூன்று துளை பிளக் பாயிண்ட் இருந்தாலும் எர்த் ஒயர் எங்கேயும் போய்ச் சேராமல் இருக்கலாம். இருக்கிற எர்த் குழியும் சித்திரை, வைகாசி வெயிலில் மண் காய்ந்தால் வலுவிழக்கும். எலக்ட்ரீஷியனை வைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே பாருங்கள், இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். கரி, உப்புக் குழி என்றால் குழாயில் நாலு குடம் தண்ணீர் ஊற்றினாலே பல வீடுகளில் மாற்றம் தெரியும். டிவியோடு இணைக்கிறவர்கள் கே7-இன் ஆப்டிகல் வழியைப் பயன்படுத்தலாம். அந்தக் கேபிளில் ஒளிதான் போகும், மின்சாரம் போகாது, இந்த இரைச்சலும் வராது. டிவியின் ஆடியோ அவுட்டை பிசிஎம் என்று மாற்ற மறக்க வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து ஆம்ப் வரவழைத்தால் அடாப்டரைப் பாருங்கள். ஏசி-ஏசி அடாப்டரோடு வரும் அமெரிக்க மாடல்களில் 120 வோல்ட் டிரான்ஸ்பார்மர்தான் இருக்கும். நம் 230-இல் செருகினால் அடாப்டர் கருகும், கூடவே ஆம்பும் போகலாம். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஓடும்போதும் இந்த வகை அடாப்டர் உறுமும்.

4.4 கேபிளை உள்ளூரிலேயே சால்டர் செய்து வாங்குகிறவர்களுக்கு: பிளக்கின் முனை இடது பிளஸ், அடுத்த வளையம் இடது மைனஸ், பிறகு வலது பிளஸ், வலது மைனஸ், கடைசி ஸ்லீவ் கிரவுண்ட். ஆம்பின் 4.4 துளையில் செருகி 3.5 ஹெட்போனை மாட்டும் அடாப்டரை மட்டும் யார் செய்து தந்தாலும் வாங்காதீர்கள். இரண்டு மைனஸையும் ஒன்றாக முறுக்கிவிட்டால் ஆம்பின் இரண்டு அவுட்புட்கள் ஒன்றோடொன்று ஷார்ட் ஆகும். இனாமல் பூசிய ஒயரில் முதலில் அந்தப் பூச்சை ஈயத்தோடு சேர்த்துக் கருக்கி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பார்க்க ஒட்டியிருக்கும், ஒரு காது விட்டுவிட்டுக் கேட்கும்.

பார்சல் வந்த அன்றே, பிரிப்பதை வீடியோ எடுத்துக்கொண்டு, வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து ஆன் செய்யுங்கள். ஆன் ஆன பிறகே ஹெட்போனைச் செருகுங்கள், சில ஆம்புகள் ஆன் ஆகும்போது ‘டப்’ என்று உதைக்கும். பாட்டு எதுவும் ஓடாமல் ஒரு இயர்போனை மாட்டி வால்யூமை முக்காலுக்கு ஏற்றி ‘ஸ்ஸ்’ வருகிறதா என்று கேளுங்கள். இயர்போனைக் கழற்றிவிட்டு அதே துளையில் டிசி வோல்ட்டை அளங்கள். சில மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது, 50-ஐத் தாண்டினால் ஹெட்போனை மாட்டாமல் அப்படியே பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்புங்கள்.