வால்தெல்லினாவா, வுல்தூரேவா?

ஒயினுக்குப் பேர்போன டஸ்கனி வட்டாரத்தைத் தாண்டி இத்தாலிய ஒயினை அறிய விரும்புவோருக்கு இரண்டு சிவப்பு ஒயின்களைச் சொல்வேன்.

வடக்கே, ஸ்விட்சர்லாந்து எல்லையருகே வால்தெல்லினா பள்ளத்தாக்கு. புகழ்பெற்ற பரோலோ ஒயினுக்கான அதே நெபியோலோ திராட்சைதான் இங்கும். ஆனால் ஒயின் மெலிதாக, சிவந்த பழங்களும் மூலிகையும் மணக்க இருக்கும். அத்தா ஆறு கிழக்கிலிருந்து மேற்காக ஓடுவதால் வடகரைச் சரிவுகள் தெற்கு வெயிலை நாள் முழுக்க வாங்குகின்றன. சுண்ணாம்புச் சாந்து இல்லாமல் அடுக்கிய கற்சுவர்கள்தான் அந்தப் படித்தோட்டங்களைத் தாங்குகின்றன. இயந்திரம் ஏறாத சரிவு, எல்லாம் கைவேலை. அந்த உழைப்புக்காகவே இது எனக்கு நெருக்கமானது. திராட்சையை உலர்த்திச் செய்யும் ஸ்ஃபோர்சாத்தோ இங்கேயே கனமான வகை. ஆல்கஹால் குறைந்தது 14 சதவீதம்.

தெற்கே பசிலிகாத்தாவில் அணைந்த எரிமலை வுல்தூரே. அங்கே அலியானிகோ திராட்சை. தெற்குதானே, சீக்கிரம் பழுக்கும் என்று நினைக்க வேண்டாம். உயரத்தின் குளிரால் அறுவடை அக்டோபர் கடைசிக்கும் அப்பால் போவதுண்டு. நிறம் அடர்த்தி, துவர்ப்பு அதிகம். இளசாகத் திறந்தால் முரடாக இருக்கும், சில வருடம் பொறுக்க வேண்டும்.

முதலில் வால்தெல்லினாவின் உயர்தர வகையான வால்தெல்லினா சுப்பீரியோரே குடித்துப் பாருங்கள். ஆட்டிறைச்சி சமைக்கும் நாளில் வுல்தூரே.