காம்பு முக்கும் அயோடின் கரைசலும் அதற்கான குவளையும்: ஒரு மதிப்பீடு

கால்நடை மருந்துக் கடையில் வாங்கிய போவிடோன் அயோடின் கரைசலையும், அதனுடன் விற்கப்படும் பிளாஸ்டிக் குவளையையும், எங்கள் கொட்டகையிலுள்ள கலப்பின ஜெர்சி மாடுகளுக்கு மடிநோய் வராமலிருக்க, இரு வேளையும் கறவை முடிந்ததும் காம்புகளை முக்கப் பயன்படுத்தி வருகிறோம். கரைசலில் செயல்படும் அயோடின் 0.5 சதவீதம், காம்புத் தோல் வறண்டு வெடிக்காமலிருக்கக் கிளிசரின் கலந்திருக்கிறார்கள்.

பால் கறந்தவுடன் காம்பின் நுனித்துளை மூடிக்கொள்வதில்லை; அது இறுகுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகலாம். கறப்பவரின் கை வழியாக ஒரு மாட்டிலிருந்து இன்னொரு மாட்டுக்குப் பரவும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் போன்ற கிருமிகள் அந்தத் துளை வழியாகவே மடிக்குள் ஏறுகின்றன. அவற்றைக் காம்பின் மேலேயே அழிப்பதுதான் இக்கரைசலின் வேலை. முக்கிய பின்னும் மாடு உடனே படுத்துவிடாதபடி அந்த நேரத்தில் தீவனம் வைத்து நிற்க வைத்துவிடுகிறோம்.

கரைசலைவிட எனக்குப் பிடித்தது குவளைதான். அடிப்புட்டியை அழுத்தினால் கரைசல் மேல்கிண்ணத்துக்கு ஏறும். கையை விட்டால் திரும்பி இறங்காது. சாதாரண டம்ளரில் முக்கினால், சாணமும் பாலும் சேரச் சேர அயோடின் வீரியம் இழந்து பழுப்பு நிறம் வெளிறிவிடும். கடைசி மாட்டின் காம்பு வெறும் அழுக்கு நீரில்தான் நனையும். இந்தக் குவளையில் மேல்கிண்ணத்தை மட்டும் கொட்டிவிட்டு, புதிதாக ஏற்றிக்கொள்ளலாம். தெளிப்பான் வைத்திருப்பவர்களும் உண்டு, ஆனால் அதில் நம் பக்கம் மட்டும் நனைந்து மறுபக்கம் காய்ந்தே இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். சரியாக முக்கிய காம்பின் நுனியில் பழுப்பு நிறத்தில் ஒரு சொட்டு தொங்கும்.

குறைகளும் உள்ளன. கிண்ணத்தின் வாய் குறுகலாக இருப்பதால் தடித்த காம்புகள் முழுவதும் உள்ளே செல்வதில்லை. எருமை வைத்திருப்போர் வாங்குமுன் இதைக் கவனிக்க வேண்டும். உள்குழாயை அன்றாடம் கழுவாவிட்டால் அடைத்துக்கொள்கிறது. நீர் கலக்காமல் அப்படியே பயன்படுத்த வேண்டும் என்னும் முக்கியமான குறிப்பு, சிட்டையில் ஆங்கிலத்தில், அதுவும் பொடி எழுத்தில் இருக்கிறது.

ஏற்கெனவே மடிக்குள் புகுந்துவிட்ட நோயை இது குணப்படுத்தாது. பால் திரியாமல், மடி வீங்காமல் உள்ளுக்குள்ளேயே இருக்கும் மறை மடிநோயைக் கண்டறிய, நான்கு குழித் தட்டில் ஒவ்வொரு காம்பின் பாலையும் தனித்தனியே சோதனைக் கரைசலுடன் கலந்து, கொழகொழப்பாகிறதா என்று பார்க்க வேண்டும். வீங்கிய மடிக்குக் கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு அரைத்துப் பூசும் முறை எங்கள் ஊரில் பரவலாக இருக்கிறது. அது நோய் வந்த பின் செய்வது, காம்பு முக்குவதற்கு மாற்றாகாது. ஈரத் தரையிலும் சாணத்திலும் இருக்கும் ஈ-கோலி போன்ற கிருமிகள் இரு கறவைகளுக்கு இடைப்பட்ட நேரத்திலும் தொற்றக்கூடியவை என்பதால், கொட்டகைத் தரை காய்ந்திருக்காவிட்டால் இக்கரைசலுக்குச் செலவிடுவதில் பாதி வீண். கட்டைவிரலை மடக்கிக் கறந்து காம்பைப் புண்ணாக்குவதும், வழுக்கலுக்காகப் பாலையே காம்பில் தடவுவதும் அப்படித்தான்.

அடுத்த வேளை கறக்குமுன் காம்பைக் கழுவி, மாட்டுக்கொரு துணியால் ஈரம் போகத் துடைத்துவிட்டால் அயோடின் பாலில் கலக்காது. புட்டியை வெயில் படாத இடத்தில் வைப்பது நல்லது.