படைப்பிலக்கியம் கற்பிக்க யாரை அமர்த்துவது?

கோலாலம்பூரில் இலக்கியமும் படைப்பெழுத்தும் சேர்த்துக் கற்பிக்க ஒரு தமிழ்ப் பேராசிரியரைத் தேடினால், போட்டி பெரும்பாலும் இருவருக்கிடையில்தான். ஒருவர் முனைவர் பட்டம் பெற்ற ஆய்வாளர். மற்றவர் நூல்கள் பல எழுதியவர். கையில் பட்டம் குறைவு.

விதிமுறை ஆய்வாளர் பக்கம் நிற்கிறது. இளங்கலை வகுப்பெடுக்கவே பொதுவாக முதுகலைப் பட்டம் கேட்பார்கள். பதவி உயர்வு என்று வந்தால் ஸ்கோபஸ் என்னும் பன்னாட்டு ஆய்விதழ்த் தரவுத்தளத்தில் இடம்பெறும் கட்டுரைக்கு உள்ள மதிப்பு சிறுகதைத் தொகுப்புக்குக் கிடையாது. இதற்காக ஆய்வாளரைக் குறைத்து எடைபோடுவதும் தவறு. 1961இல் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமையேற்ற தனிநாயகம் அடிகள், சங்கப் பாடல்களின் இயற்கையைப் பிறமொழிக் கவிதைகளோடு ஒப்பிட்டு ஆராய்ந்தவர். 1966இல் முதல் உலகத் தமிழ் மாநாடு இந்நகரில் கூடியதில் அவருடைய பங்கு பெரிது. இலக்கிய வரலாறு, திறனாய்வு, ஆய்வேட்டு வழிகாட்டல் ஆகியவற்றுக்கு ஆய்வாளரே பொருத்தமானவர்.

ஆனால் மாணவியின் கதை மேசைக்கு வரும்போது நிலைமை மாறுகிறது. ரப்பர் தோட்டத்தை விட்டு அடுக்குமாடி வீட்டுக்கு வந்த குடும்பம், தந்தை இறக்கிறார். “எல்லோரும் கதறி அழுதார்கள்” என்று எழுதியிருக்கிறாள். புலம்பெயர்வு, அடையாளச் சிக்கல் என்று ஆய்வாளர் விளக்குவார். விளக்கம் சரிதான், அவள் அடுத்த வரியை எழுத அது உதவாது. எழுதிப் பழகியவரோ அந்த வரியிலேயே பேனாவை வைப்பார். “அப்பா பால்வெட்டுக்குப் போட்டுப் போன சட்டையை அம்மா என்ன செய்தாள்? சவப்பெட்டி பதினான்காவது மாடியிலிருந்து எப்படி இறங்கியது? மின்தூக்கிக்குள் நுழைந்ததா?” என்று கேட்பார். அழுகையை அடித்துவிட்டு அவள் மின்தூக்கியை எழுதத் தொடங்குவாள். படைப்பெழுத்து வகுப்பு என்பது இந்த வேலைதான்.

எழுத்தாளரிடமும் குறை உண்டு. தம் நடையையே மாணவர்மேல் ஏற்றிவிடுபவர்கள் இருக்கிறார்கள். தமக்குப் பிடிக்காத தலைமுறையைப் பாடத்திலிருந்தே நீக்கிவிடுபவர்களும் இருக்கிறார்கள். அவரை ஒரு பருவத்துக்கு மட்டும் வருகைதரு எழுத்தாளராக அழைப்பது செலவு குறைந்த வழி. ஆனால் மாணவி கதையைத் திருத்தி எழுதி முடிக்கும் நேரத்தில் அவர் வளாகத்தில் இருக்கமாட்டார்.

இரண்டு இடங்களுக்கு நிதி இருந்தால் இருவரையும் அமர்த்துங்கள். ஒன்றுதான் என்றால், என் வாக்கு சொந்தமாகவும் எழுதும் ஆய்வாளருக்கு. அவர் எழுதுகிறார் என்பதற்கு நூல்பட்டியல் போதாது. நேர்காணலுக்கு முந்தைய நாள் ஒரு மாணவரின் திருத்தாத கதையை அனுப்பி வையுங்கள். மறுநாள் அந்த மாணவரை எதிரில் அமரவைத்து அரைமணி நேரம் பேசச் சொல்லுங்கள். பேசி முடித்ததும், தேர்வுக் குழு கருத்துச் சொல்வதற்கு முன்பே, கதையில் இனி எதை மாற்றப் போகிறாய் என்று மாணவரிடம் கேளுங்கள்.